தலைச்சன் பேரனுக்கு ராஜா பேரு வைக்கலாமா? (நட்சத்திரம் மகம், வீட்ல ஒரே சண்டை)

ஒத்தக்கடைக்காரன் | சனி, இரவு 10:52

வணக்கம் மக்களே. இதுவரைக்கும் இங்க நான் பைக் டயர் பத்தித்தான் கேட்டிருக்கேன், இப்ப வேற கேள்வி. பையன் பொறந்து 19 நாள் ஆச்சு, 30-ஆம் நாள் தொட்டில் போட்டு பேர் வைக்கணும். எங்கப்பா பேரு கருப்பையா. தலைச்சன் பேரனுக்கு தாத்தா பேருதான், இதுல பேச என்ன இருக்குண்டு அவரு முடிவே பண்ணிட்டாரு, எனக்கும் எங்க தாத்தா பேரத்தான் வச்சிருக்காரு அதனால நானும் வாயத் தொறக்க முடியல. வீட்டுக்காரி மேலூர்ல அவங்க அம்மா வீட்டுல இருக்கா, அங்கிட்டிருந்து தினம் ஒரு பேரு வாட்ஸ்அப்புல வருது, நேத்து வந்தது 'ரியான்ஷ்', எங்கம்மாகிட்ட சொன்னேன், "ரேஷனா?"ன்னு கேட்டுச்சு.

மச்சான் ஒருத்தன் நடுவுல பூந்து, ஏன் அடிச்சுக்கிறீங்க, பாண்டிய ராஜா பேரு ஒண்ண வச்சுவிடுங்க, மதுரைக்காரனுக்கு அதவிட என்ன கெத்துன்னுட்டான். எனக்கும் புடிச்சிருக்கு. ஆனா ஒரு டவுட்டு. ராஜா வீட்ல எல்லாம் பிள்ளைக்கு எப்படித்தான் பேரு வச்சாங்க? அங்கயும் இந்த மாதிரி பஞ்சாயத்து உண்டா? ஜோசியர் குடுத்த எழுத்து மா, மீ, மூ, மே.

தெப்பக்குளம்_தென்கரை | சனி, இரவு 11:03

மகமா? மகம் ஜகம் ஆளும்ல. ராஜா பேரு வைக்காம வேற என்னத்த வைக்கப் போற. முத்துப்பாண்டி வை, முடிஞ்சது.

ஒத்தக்கடைக்காரன் | சனி, இரவு 11:05

அண்ணே எங்க தெருவுலயே மூணு முத்துப்பாண்டி இருக்காங்க, கூரியர்காரன் ஏற்கெனவே அழுகுறான்.

கல்வெட்டுக்கிறுக்கன் | ஞாயிறு, காலை 6:20

தம்பி, பாண்டியர் வீட்ல இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது, ஏன்னா அவங்கட்ட சுத்திச் சுத்தி வந்தது ரெண்டே பேரு. மாறன், சடையன். அப்பன் மாறவர்மன்னா மகன் சடையவர்மன், அவன் மகன் திரும்ப மாறவர்மன். அதாவது பேரனுக்குத் தாத்தா பேரு, உங்கப்பா சொல்ற அதே ரூலு. 'பேரன்'ங்கற வார்த்தையே பெயரன்தான், தாத்தன் பேரச் சுமக்கிறவன், பேத்தியும் அப்படித்தான் பெயர்த்தி.

வேள்விக்குடிச் செப்பேட்டுல வம்ச வரிசையே இருக்கு. கடுங்கோன், அவன் மகன் மாறவர்மன் அவனிசூளாமணி, அவன் மகன் செழியன் சேந்தன், அவன் மகன் அரிகேசரி மாறவர்மன், அவன் மகன் கோச்சடையன் ரணதீரன், அவன் மகன் மாறவர்மன் ராஜசிம்மன், அவன் மகன் செப்பேட்டக் குடுத்த நெடுஞ்சடையன் பராந்தகன், 8-ஆம் நூற்றாண்டு. மாறன் சடையன் மாறன் சடையன்னு ஊஞ்சல் ஆடுற மாதிரி போகுது பாருங்க. (அரிகேசரியத்தான் நாம கூன்பாண்டியன், நின்றசீர் நெடுமாறன்னு சொல்றோம், சம்பந்தர் காலத்து ஆளு.)

சோழனும் இதே கதைதான், அங்க ராஜகேசரி, பரகேசரி. ராஜராஜன் ராஜகேசரி, மகன் ராஜேந்திரன் பரகேசரி, அவன் மகன் ராஜாதிராஜன் திரும்ப ராஜகேசரி. ஆனா ஒண்ணு, இதெல்லாம் பட்டம் கட்டும்போது வர்ற பேரு. தொட்டில்ல வச்ச பேரு தனி. ராஜராஜனுக்கு அருள்மொழிவர்மன், ராஜேந்திரனுக்கு மதுராந்தகன்.

தெப்பக்குளம்_தென்கரை | ஞாயிறு, காலை 7:41

மதுராந்தகன்னா மதுரைக்கு எமன்னுல்ல அர்த்தம். பச்சப்புள்ளைக்கு வைக்கிற பேராய்யா அது. இனிமே சென்னைக்கு போறப்ப பஸ் மதுராந்தகத்துல டீக்கு நின்னா நான் எறங்க மாட்டேன்.

கல்வெட்டுக்கிறுக்கன் | ஞாயிறு, காலை 8:15

ஹாஹா. இன்னும் கேளுங்க. அந்த மதுராந்தகன், அதான் ராஜேந்திரன், மதுரைய ஆள தன் மகன ஒருத்தன அனுப்புறான், அவனுக்கு வச்ச பேரு சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன். சோழன் ரத்தம், ஆனா மதுரைல ஒக்காரணும்னா சடையன்னு போட்டுக்கிட்டாத்தான் ஆச்சு. அவனுக்கப்புறம் வந்த சோழ பாண்டியர்கள்ல மாறவர்மன்னு போட்டுக்கிட்டவங்களும் உண்டு. நாட்ட ஜெயிச்சுட்டான், பேர ஜெயிக்க முடியல.

உசிலம்பட்டி_டூ_டென்மார்க் | ஞாயிறு, மதியம் 1:30

பாஸ் இந்த மாறன் சடையன் மேட்டர் அப்படியே இங்கயும் இருக்கு, படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. டென்மார்க் ராஜா வீட்ல 1513-லருந்து கிறிஸ்டியன், ஃப்ரெட்ரிக், கிறிஸ்டியன், ஃப்ரெட்ரிக், இந்த ரெண்டுதான். 1972-ல ஒன்பதாம் ஃப்ரெட்ரிக் செத்தப்ப அவருக்கு மூணும் பொண்ணு, அதனால மூத்த பொண்ணு மார்கரெதே ராணியாச்சு. அந்தம்மா என்ன பண்ணுச்சு, கிறிஸ்டியன் ஒக்காரவேண்டிய எடத்துல நான் ஒக்காந்திருக்கேங்கற கணக்குல மகனுக்கு ஃப்ரெட்ரிக்னு தன் அப்பா பேர வச்சிருச்சு. 2024 ஜனவரி 14-ல அந்தம்மா பதவிய விட்டு எறங்க, மகன் பத்தாம் ஃப்ரெட்ரிக். அவரு பையன் பேரு சொல்லுங்க பாப்போம்? கிறிஸ்டியனேதான். ஐநூறு வருசமா எங்க ஆச்சி கூட இவ்வளவு பிடிவாதமா இருந்ததில்ல.

இதுல காமெடி, ராஜா வீடு ரெண்டே பேர வச்சு ஓட்டுது, சாதாரண ஜனத்துக்கு கவர்மெண்ட்டு ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, அதுல இருந்துதான் பிள்ளைக்குப் பேர எடுக்கணும், லிஸ்ட்ல இல்லாத பேருன்னா மனு போட்டு அனுமதி வாங்கணும். நம்ம ஊர்ல இது வந்தா ரியான்ஷ் கோஷ்டி முழுக்க மனுவோட வரிசைல நிக்கும்.

மாமியார்_மெச்சிய_மருமகள் | ஞாயிறு, மாலை 4:12

எல்லாரும் ஆம்பளப் பேராவே அளந்துக்கிட்டு இருக்கீங்க. தம்பி ஒத்தக்கடை, உங்க வீட்டுக்காரி ஏன் வேணாங்குறான்னு கேட்டீங்களா? அவ மாமனார் பேரு கருப்பையா. அந்தப் பேர அவ வாயால சொல்லக்கூடாது. தன் புள்ளைய எப்படிக் கூப்புடுவா? உங்கம்மாவ எடுத்துக்கங்க, புருசன் பேரு. ரெண்டு பொம்பளைகளும் சேந்து வளக்கப்போற புள்ளைக்கு, ரெண்டு பேருமே சொல்ல முடியாத பேர வச்சுட்டு தாத்தா ஜாலியா டீக்கடைக்கு போயிருவாரு. எங்க வீட்ல இதே கதை. பெரியவனுக்கு எங்க மாமனார் பேரு, நான் 11 வருசமா 'தம்பி'ன்னுதான் கூப்புடுறேன், ஸ்கூல்ல மிஸ்ஸு கேட்டப்ப பேர எழுதிக் காட்டுனேன்.

ஒத்தக்கடைக்காரன் | ஞாயிறு, மாலை 4:40

அக்கா சத்தியமா இத நான் யோசிக்கவே இல்ல. எங்கம்மா கருப்பட்டியக் கூட 'பனவெல்லம்'னுதான் சொல்லும், சின்ன வயசுல அது ஏன்னே தெரியாது. அழகர்கோயில் போனா கருப்பசாமின்னு சொல்லாது, 'பதினெட்டாம்படியான்'. சரிதான், அதான் அது ரேஷன்னு நக்கலடிச்சாலும் கருப்பையான்னு வைங்கடான்னு இதுவரை ஒரு வார்த்தை சொல்லல.

மாமியார்_மெச்சிய_மருமகள் | ஞாயிறு, மாலை 4:58

அதுவும் சரி, அம்மா வழித் தாத்தா பேர வைக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா? முதல் குலோத்துங்க சோழனுக்கு தொட்டில்ல வச்ச பேரு ராஜேந்திரன், அது அவன் அம்மா அம்மங்கதேவியோட அப்பா பேரு. அப்பன் வீடு வேங்கி, கீழைச் சாளுக்கியம். தாத்தா பேர வாங்குனவன் 1070-ல தாத்தா சிம்மாசனத்தையும் வாங்கிட்டான். அத்தை பேரும் வச்சிருக்காங்க, ராஜராஜன் தன் அக்கா குந்தவை பேரத்தான் மகளுக்கு வச்சான். அந்த மரியாத எத்தன அத்தைக்குக் கிடைக்குது இப்ப.

நம்ம ஊருக்கே வருவோம். திருவிளையாடல் படி மலையத்துவச பாண்டியன் பிள்ளை வரம் கேட்டு யாகம் பண்ணான், வந்தது பொண்ணு, தடாதகைன்னு பேர வச்சு அதுக்கே முடி சூட்டுனான். அதான் மீனாட்சி. கட்டிக்க வந்த சாமிதான் பேர மாத்திக்கிட்டாரு, சொக்கர் சுந்தரபாண்டியனானாரு. வீட்டோட மாப்பிள்ளை ஹிஹி. மகன் உக்கிரபாண்டியன். இன்னைக்கும் சித்திரைல பட்டாபிஷேகம் மீனாட்சிக்குத்தான், ஆவணி மூலத்துலதான் சொக்கர் கைக்கு செங்கோல் போகுது.

ஜிகர்தண்டா_ரெண்டு | ஞாயிறு, இரவு 9:20

அப்ப சுந்தரபாண்டியன்னு வச்சிரலாமே? சாமி பேரும் ஆச்சு ராஜா பேரும் ஆச்சு.

கல்வெட்டுக்கிறுக்கன் | ஞாயிறு, இரவு 9:55

வைக்கலாம், ஆனா எங்கள மாதிரி ஆளுக தலைமுடிய பிச்சுக்கிட்டதே அந்தப் பேராலதான். 1216-ல பட்டத்துக்கு வந்தவன் மாறவர்மன் சுந்தரபாண்டியன், சோழநாட்டப் புடிச்சு திருப்பிக் குடுத்தவன். 1251-ல வந்தவன் சடையவர்மன் சுந்தரபாண்டியன், ஸ்ரீரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் பொன் வேய்ஞ்சவன். அப்புறம் 1268-ல வந்த மாறவர்மன் குலசேகரனுக்கு ரெண்டு மகன், அதுல ஒருத்தன் பேரும் சுந்தரபாண்டியன், இன்னொருத்தன் வீரபாண்டியன், இவங்க அடிச்சுக்கிட்டதுலதான் டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் காபூர் உள்ள வந்தான். கல்வெட்டுல வெறும் 'சுந்தரபாண்டியதேவர்க்கு யாண்டு'ன்னு இருந்தா எந்தச் சுந்தரன்? மெய்க்கீர்த்தி, அதான் கல்வெட்டு தொடக்கத்துல ராஜா புகழப் பாடுற பகுதி, அது ஆரம்பிக்கிற வரியப் பாக்கணும், 'பூமருவிய திருமடந்தை'ன்னு ஆரம்பிச்சா 1216 ஆளு. அதுவும் இல்லேன்னா கல்வெட்டுல இருக்கிற கிழமை, நட்சத்திரம், திதிய வச்சு பஞ்சாங்கக் கணக்குப் போடணும். பின்னாடி காலத்துல ஒரே நேரத்துல பங்காளிக பல பேரு வேற வேற ஊர்ல இருந்து ஆண்டிருக்காங்க, அதனால அப்பன் மாறன்னா மகன் சடையன்ங்கற கணக்கும் அங்க நேரா வராது. முதலாம் ரெண்டாம்னு நம்பர் போட்டதெல்லாம் நாமதான், அவங்க போட்டுக்கல.

சங்க காலம் இன்னும் மோசம், எல்லாரும் வழுதி, செழியன், மாறன். புறநானூறு தொகுத்தவங்க பாவம், செத்த எடத்த வச்சுப் பிரிச்சிருக்காங்க. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். கூரியர்காரனுக்கு அட்ரஸ் சொல்ற மாதிரியே இருக்கா?

மேலமாசி_வீதி_மன்னன் | திங்கள், காலை 9:10

நாயக்கர் வீட்ட விட்டுட்டீங்களே. இது எல்லாத்தையும் விட அவங்கட்டதான் வீட்ல சண்டை வராத டெக்னிக் இருக்கு. ரெண்டு பேரையும் சேத்து வச்சிருவாங்க. சொக்கநாத நாயக்கர் (1659 டு 1682), அவரு சம்சாரம்தான் ராணி மங்கம்மாள். மகன் பேரு ரங்ககிருஷ்ண முத்து வீரப்பன், 1689-லயே அம்மைல போயிட்டாரு. அவரு போனப்புறம் பொறந்த பேரனுக்கு வச்ச பேரு விஜயரங்க சொக்கநாதன். ரங்கன் ஸ்ரீரங்கத்துப் பெருமாள், சொக்கநாதன் நம்ம சாமி, தாத்தா பேரும் அதுவே. ஒரே பேருல சைவம், வைணவம், தாத்தா மூணும் அடக்கம். மங்கம்மா அந்தப் பேரன மடில வச்சுக்கிட்டுத்தான் 1706 வரைக்கும் ஆண்டுச்சு.

பேர்_சொல்ல_விரும்பல | திங்கள், காலை 9:31

தமிழ் ராஜாவ பத்திப் பேசுறப்ப அவங்க எதுக்கு இங்க

மேலமாசி_வீதி_மன்னன் | திங்கள், காலை 9:34

பேரு வைக்கிறதப் பத்தின த்ரெட்ல வந்து பேர்_சொல்ல_விரும்பலன்னு வச்சிருக்கீங்க, மொதல்ல அத முடிவு பண்ணுங்க. நான் மங்கம்மா சாலைல நடந்து வளந்தவன், எனக்கு அவங்களும் ஊர் ஆளுதான்.

பரமக்குடி_மிளகா | திங்கள், காலை 11:02

எங்க பக்கம் ராமநாதபுரத்து ராஜாக்கள் சேதுபதிகளும் சேத்து வைக்கிறதுதான். ரகுநாதன் நிரந்தரம், ஏன்னா சேதுவக் காக்கிறவங்க, ராமர் பேரு இல்லாம எப்படி. இதுல ரகுநாத சேதுபதி ஒருத்தரு திருமலை நாயக்கருக்குப் போர்ல கை குடுத்தாரு, அந்த மரியாதைக்கு நாயக்கர் தன் பேரையே குடுத்தாரு, அதுலருந்து திருமலை சேதுபதி. பேர சீதனமா குடுக்கிறதெல்லாம் நம்ம காலத்துல இல்ல, இப்ப கல்யாண மொய்ல கூட பேர மறக்காம எழுதுன்னு அடிச்சுக்கிறாங்க.

திருக்கோகர்ணம்_கிளி | திங்கள், மதியம் 2:47

எங்க புதுக்கோட்டைய யாரும் சொல்லல. தொண்டைமான் ராஜாக்கள் பேருக்கு முன்னாடி பிரகதாம்பாதாஸ்னு போட்டுக்குவாங்க, எங்க ஊரு அம்மனுக்கு அடிமைன்னு அர்த்தம். அதுல மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல மோலி ஃபிங்க்ங்கற ஆஸ்திரேலியப் பொண்ணக் கட்டிக்கிட்டாரு. 1916-ல பையன் பொறந்தான், பொறந்த ஊரு சிட்னி. பேரு என்ன தெரியுமா, மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான்!! பேரு முக்கால்வாசி ராஜா பேருதான், ஆனா பட்டம் கிடைக்கல, 1928-ல ராஜா போனப்புறம் அந்த வம்சத்துலயே வேற ஒரு சின்னப் பையன், ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போச்சு.

தெப்பக்குளம்_தென்கரை | திங்கள், மதியம் 2:55

அந்தக் கணக்குப்படி நம்ம தம்பி மகன் பேரு கருப்பையா மேலூர் ஒத்தக்கடை.

நாரோயில்_காத்து | திங்கள், இரவு 8:18

திருவிதாங்கூர்ல இந்தத் தொல்லையே கிடையாது கேட்டியளா. பொறந்த நட்சத்திரமே பேரு. சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள், 1936-ல கோயில எல்லாருக்கும் தொறந்து விட்டாருல்லா அந்த மகாராஜா. நட்சத்திரத்துக்கு அப்புறம்தான் ராம வர்மா, மார்த்தாண்ட வர்மா எல்லாம். பட்டம் மருமக்க வழி, அதாவது அக்கா தங்கச்சி மகனுக்கு, அதனால அப்பா பேரு தாத்தா பேருன்னு அடிக்கிற அடியே இல்ல. ஒங்க மகன் அங்க பொறந்திருந்தா மகம் திருநாள்.

உசிலம்பட்டி_டூ_டென்மார்க் | திங்கள், இரவு 10:40

ஜப்பானும் சிம்பிள். ராஜ வீட்டு ஆம்பளப் புள்ளைக்கு பேரு 'ஹிதோ'ல முடியும், ஹிரோஹிதோ, அகிஹிதோ, நருஹிதோ. பொண்ணுன்னா 'கோ', இப்ப உள்ளவர் மக ஐகோ. ஏழாம் நாள் பேரு வைக்கிறது. வீட்டுப் பேரு, இனிஷியல் ஒண்ணுமே கிடையாது. இன்னொண்ணு, மாமியார்_மெச்சிய அக்கா சொன்ன கதைதான் அங்கயும், பட்டத்துல இருக்கிறவர அந்த ஊர் ஜனம் பேர் சொல்லிக் கூப்புடாது, செத்தப்புறம் அவர் ஆண்ட காலத்தோட பேரு அவர் பேராயிரும், ஹிரோஹிதோ அங்க ஷோவா சக்கரவர்த்தி. நாடே மருமக மாதிரி.

லண்டன்ல விக்டோரியா மகாராணி, புருசன் ஆல்பர்ட் போனப்புறம் பேரன் கொள்ளுப்பேரன் எல்லாத்துக்கும் எங்கயாச்சும் ஒரு ஆல்பர்ட் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சாம். நிறைய பேருக்கு வச்சாங்க. ஆனா ஆல்பர்ட்ங்கற பேருல ஒரு ராஜா கூட வரல. ஆல்பர்ட் எட்வர்டு பட்டத்துக்கு வந்ததும் ஏழாம் எட்வர்டு, 1936-ல வந்த ஆல்பர்ட் ஆறாம் ஜார்ஜ். கருப்பையா மாமாகிட்ட இத மட்டும் சொல்லிராதீங்க.

கல்வெட்டுக்கிறுக்கன் | செவ்வாய், காலை 6:05

ஒத்தக்கடை தம்பி, ராத்திரி படுத்தப்பதான் உறைச்சுது. நீங்க இருக்கிறதே யானைமலை அடிவாரத்துல. நரசிங்கம் கோயிலுக்கு எத்தன தடவ போயிருப்பீங்க. அந்தக் குகை நரசிங்கப் பெருமாள் கோயில வெட்டுனது யாருன்னு பாத்தீங்களா? கி.பி. 770 கல்வெட்டு அங்கயே இருக்கு. ராஜா பேரு கோமாறஞ்சடையன், அதாவது மாறன் மகன் சடையன், அப்பன் பேரு முன்னாடி, இன்னைக்கு நாம போடுற இனிஷியல்தான் அது. அவனோட உத்தரமந்திரி, களக்குடிக்காரன், பேரு மாறன் காரி. அவனுக்கும் அப்பன் பேரு மாறன், ராஜா வீட்டுப் பேர ஊர்ல வைக்கிறது அப்பவே இருந்திருக்கு பாருங்க. கோயில வெட்டி குடமுழுக்கு பண்றதுக்குள்ள காரி செத்துப் போனான், தம்பி மாறன் எயினன் அண்ணன் பதவிக்கு வந்து முகமண்டபம் கட்டி முடிச்சு வச்சான்.

காரின்னா என்ன? கருப்பு. கருப்பையாவும் காரியும் ஒண்ணுதான். உங்க நட்சத்திர எழுத்து மா. நான் வேற ஒண்ணும் சொல்லல.

மாமியார்_மெச்சிய_மருமகள் | செவ்வாய், காலை 7:30

அய்யோ சூப்பர். நம்மாழ்வாருக்கே பேரு மாறன், அப்பா பேரு காரி, காரிமாறன்னு சொல்வாங்க.

ஒத்தக்கடைக்காரன் | செவ்வாய், காலை 7:44

எனக்கு புல்லரிச்சுப் போச்சு. சின்ன வயசுல அந்த மலைமேல ஏறி அம்மாட்ட அடி வாங்கிருக்கேன், அந்தக் கல்வெட்ட ஒருநா கூட நின்னு பாத்ததில்ல. சாயங்காலம் அப்பாவ கூட்டிட்டுப் போறேன்.

பழைய_பதிவாளர் | செவ்வாய், மதியம் 12:15

பேர் சண்டை முடியலைன்னு பதட்டப்படாதீங்க. பிறப்ப மட்டும் பேர் இல்லாம பதிஞ்சிருந்தா, பதிஞ்சதுலருந்து 12 மாசத்துக்குள்ள பேர கட்டணம் இல்லாம சேக்கலாம், அதுக்கப்புறம் 15 வருசம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேக்கலாம். ஆனா ஒருக்கா ஏத்திட்டா மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. எழுத்து எழுத்தா சரிபாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.

ஒத்தக்கடைக்காரன் | புதன், இரவு 9:58

அப்டேட். நேத்து நரசிங்கம் போனோம். கல்வெட்டுல இருக்கிற வட்டெழுத்து, அதான் பழைய காலத்துத் தமிழ் எழுத்து, அப்பாவுக்கும் புரியல எனக்கும் புரியல, ஆனா நம்ம கல்வெட்டு அண்ணன் எழுதுனத போன்ல சத்தமா படிச்சுக் காட்டுனேன். ரொம்ப நேரம் செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "அப்ப என் பேரு இங்க ஆயிரத்து இருநூத்து சொச்சம் வருசமா இருக்கு"ன்னாரு. ஆமாப்பா மந்திரியா இருக்குன்னேன். "என் பேரன் பேரு?" ராஜாவா இருக்குப்பா, உங்க அப்பன் பேராவும் இருக்குன்னேன். சரி வைன்னுட்டாரு. ஒரு கண்டிஷன், குலசாமி கோயில்ல தாய்மாமன் மடில வச்சு காது குத்துறப்ப கருப்பையான்னு மூணு தடவ காதுல அவருதான் சொல்லுவாராம். சொல்லிக்கட்டும்.

மேலூருக்கு போன் போட்டேன். மாறன்னதும் அவ பக்கத்துல யார்ட்டயோ கேட்டுட்டு, "சின்ன பேரா நல்லாத்தான் இருக்கு, கூப்புடவும் முடியும்"னா. எங்கம்மா இன்னைக்கு வீடியோ கால்ல மாறா மாறான்னு பத்து தடவ கூப்புட்டுப் பாத்துச்சு, அந்தப் பய கண்ண தொறக்கவே இல்ல.

பழைய_பதிவாளர் | புதன், இரவு 10:06

வாழ்த்துகள். வல்லின 'ற' போடச் சொல்லுங்க. 'ர' விழுந்துச்சுன்னா மாரன், மன்மதனாயிரும்.

தெப்பக்குளம்_தென்கரை | புதன், இரவு 10:09

விழுந்தா விழட்டும் சார், அவங்கப்பன் மொகத்துக்கு அதாவது கிடைக்கட்டும்.